தென்னாப்பிரிக்காவில் கல்வி உளவியல் மாஸ்டர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளிலிருந்து ஆனர்ஸ் மாணவர்களும், சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியர்களும், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறியவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் இந்நாட்டில் பதிவு பெற்ற கல்வி உளவியலாளராகப் பணிபுரிபவள். முதல் முறை விண்ணப்பித்த ஆண்டில் எனக்கு இடம் கிடைக்கவில்லை; அதற்கான காரணத்தையும் உரிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

கல்வி உளவியலாளர் செய்யும் வேலை என்ன? பள்ளி ஆலோசகரும் அவரும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரு பிள்ளையின் கற்றலும் வளர்ச்சியும் எங்கே தடைப்படுகின்றன என்று மதிப்பிடுவதும், அத்தடைக்குப் பெயர் சொல்லக்கூடிய இடத்தில் பெயர் சொல்லி, அதைக் கடக்கப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் துணை நிற்பதும் இவருடைய பணி. ஏழு வயதாகியும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத சிறுவன், தாயை இழந்தபின் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்ட சிறுமி, பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் கூடுதல் நேரமோ வினாத்தாளை வாசித்துக் காட்டும் ஒருவரோ தேவைப்படும் இளைஞன் ஆகியோர் இவரைத் தேடி வருவோரில் சிலர்.

உளவியலாளர் என்ற பெயரைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் விரும்பியபடி வைத்துக்கொள்ள முடியாது. 1974ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில், நாம் எல்லோரும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்று சொல்லும் அமைப்பில், பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், கல்வி உளவியல், தொழில்துறை உளவியல், ஆய்வு உளவியல் எனப் பதிவுப் பிரிவுகள் தனித்தனியாக உள்ளன. மருத்துவ உளவியலில் இடம் கிடைக்காவிட்டால் இதற்கு வரலாம் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்களைத் தேர்வுக் குழு விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும். பிள்ளைகளோடும் பள்ளிகளோடும் இருபது முப்பது ஆண்டுகள் கழிக்க மனம் இருக்கிறதா என்பதை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

பள்ளி முடித்ததிலிருந்து எத்தனை ஆண்டுகள் ஆகும்?

குறைந்தது ஆறு. மூன்றாண்டு இளங்கலை, ஓராண்டு ஆனர்ஸ், ஓராண்டு வகுப்புகளும் செயல்முறைப் பயிற்சியும் கொண்ட மாஸ்டர்ஸ், அதன்பின் மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப் என்று கணக்கு. பிறகு மன்றம் நடத்தும் போர்டு தேர்வும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கான ஓராண்டுச் சான்றிதழைச் சேர்த்தால் ஏழாகும். இவற்றோடு ஆய்வேடு ஒன்றும் இருக்கிறது. பலர் இன்டர்ன்ஷிப்பை முடித்துவிட்டு, ஆய்வேடு முடியாத காரணத்தாலேயே பதிவு பெற முடியாமல் ஓராண்டோ ஈராண்டோ காத்திருக்கிறார்கள். ஆகவே எட்டாண்டு என்று மனத்தில் கொண்டு வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவைப்பது நல்லது.

பட்டத்தின் பெயரில் 'கல்வி உளவியல்' என்று இருந்தால் போதுமா?

போதாது. இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காததால் இரண்டாண்டுகளையும் பெரும் பணத்தையும் இழந்தவர்களை நான் அறிவேன். அதனால்தான் இதை இவ்வளவு முன்னே வைத்திருக்கிறேன். கல்வி உளவியலில் இரண்டு வகையான மாஸ்டர்ஸ் உண்டு. ஒன்று, உளவியலாளராகப் பதிவு பெற வழிவகுக்கும் தொழில்முறைப் பட்டம். அதற்கு நேர்முகத் தேர்வு உண்டு, இடங்கள் மிகக் குறைவு, சேர்ந்தவுடனே மாணவ உளவியலாளராக மன்றத்தில் பதிய வேண்டும். மற்றொன்று, ஆய்வேடு மட்டும் எழுதிப் பெறும் பட்டம். விரிவுரையாளராகவோ பாடத்திட்ட வல்லுநராகவோ ஆக விரும்புபவருக்கு அது மதிப்புள்ள படிப்பு. ஆனால் அதை முடித்தவர் ஒரு பிள்ளைக்கு உளவியல் சோதனை வைத்து அறிக்கையில் உளவியலாளராகக் கையெழுத்திட முடியாது.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, ஸ்டெலன்போஷ், விட்வாட்டர்ஸ்ராண்ட் ஆகியவை இத்துறைப் பயிற்சிக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள். அங்கீகாரம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதாலும், ஒரு துறை சில ஆண்டுகள் புதிய மாணவர்களை எடுக்காமல் விடுவதுண்டு என்பதாலும், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தப் படிப்பு கல்வி உளவியலாளர் பதிவுக்கு வழிவகுக்கிறதா என்பதைத் துறை அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, வரும் பதிலைப் பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பட்டம் கட்டாயமா?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது வேறுபடும். சில இடங்களில் ஆசிரியர் தகுதியைக் கேட்கிறார்கள். சில இடங்களில் உளவியல் ஆனர்ஸ் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். வேறு சில இடங்களில் கல்வித் துறையில் பெற்ற ஆனர்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள். இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே நான்கு பல்கலைக்கழகங்களின் விதிகளை எடுத்து வைத்துப் படித்தால், எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு மூடும் என்பது தெரிந்துவிடும். விதி கேட்காவிட்டாலும், முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறையை ஒரு முழுப் பருவம் நடத்திப் பார்த்தவருக்கு, தாம் எழுதும் பரிந்துரைகளில் எவை ஓர் ஆசிரியரால் உண்மையில் செய்யக்கூடியவை என்பது விளங்கும். என் கருத்தில் அது வேறெங்கும் கிடைக்காத அறிவு.

மதிப்பெண் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஆனர்ஸில் அறுபது அல்லது அறுபத்தைந்து விழுக்காடு என்று பல அறிவிப்புகளில் பார்ப்பீர்கள். அது வாசற்படி. ஒரு துறை ஆண்டுக்கு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய பத்துப் பேர். விண்ணப்பிப்பவர்களோ அதைப்போலப் பல மடங்கு. எழுபத்தெட்டு விழுக்காடு வைத்திருந்தவர் திரும்பி வருவதையும் அறுபத்தாறு வைத்திருந்தவர் உள்ளே போவதையும் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளில் பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்தே எல்லாவற்றையும் கணிக்கும் பழக்கம் இருப்பதால், இதைப் பெற்றோருக்கு விளக்குவது சில வேளை நேர்முகத் தேர்வைவிடக் கடினமாக இருக்கிறது. ஆய்வு முறையியல் பாடத்தில் மட்டும் மதிப்பெண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை முடிப்பீர்களா என்பதைக் குழு அதை வைத்துத்தான் கணிக்கிறது.

எப்போது தொடங்க வேண்டும்?

இந்நாட்டின் கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குகிறது. தொழில்முறை மாஸ்டர்ஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் முடிந்துவிடும். நேர்முகம் அதற்கு அடுத்த சில மாதங்களில் நடக்கும். ஆகவே 2028இல் சேர விரும்புபவர் 2027 மார்ச் மாதத்திலேயே பரிந்துரை எழுதுபவர்களிடம் பேசியிருக்க வேண்டும். பிள்ளைகளோடான அனுபவத்தை அதற்கும் ஓராண்டு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும்.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

மோட்டிவேஷன் லெட்டர் என்று கேட்பார்கள்; சில இடங்களில் தன்வரலாறு போல இரண்டு மூன்று பக்கங்கள் எழுதச் சொல்வார்கள். எனக்குக் காட்ட வரும் கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம்" என்றுதான் தொடங்குகின்றன. அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

ஒரு பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். பெயரையும் பள்ளியையும் அடையாளம் காட்டும் எதையும் நீக்கிவிட்டு, அந்தப் பிள்ளை என்ன செய்தது, நீங்கள் என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள், பிறகு உங்கள் எண்ணம் எங்கே மாறியது என்று எழுதுங்கள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் ஓராண்டு உதவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ்டெட்ஃபொட் எனப்படும் கலைப் போட்டி மேடையில் பத்துத் திருக்குறளைப் பிழையின்றி ஒப்பித்த சிறுவன், அதே குறளைத் தாளில் காட்டினால் ஒரு சொல்லையும் அடையாளம் காண முடியாமல் நின்றான் என்றால், அதை எழுதலாம். காதால் கற்பதற்கும் கண்ணால் வாசிப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்பதை, பாடநூல் வரையறைகளை அடுக்குவதைவிட இந்த ஒரு பத்தி தெளிவாகக் காட்டிவிடும்.

குடும்ப வரலாற்றை எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் வந்து சேர்ந்த டிரூரோ கப்பலையும் கரும்புத் தோட்டத்தையும் பற்றிய பத்தி ஒன்று நம்மவர் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. அந்த வரலாறு உங்கள் பணியோடு எங்கே தொடுகிறது என்பதைச் சொல்ல முடிந்தால் மட்டுமே அதற்கு அங்கே இடம் உண்டு. உங்கள் ஆயா (பாட்டி), வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்து, ஆங்கிலம் மட்டும் ஒலித்த வகுப்பறைக்குள் போய், மந்தபுத்தி என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்டவராக இருந்தால், அந்தச் செய்தி இன்று ஜூலு பேசும் வீட்டிலிருந்து அதே வகையான வகுப்பறைக்கு வரும் பிள்ளையை நீங்கள் பார்க்கும் பார்வையை எப்படி மாற்றியது என்று எழுதுங்கள். உங்கள் சொந்தத் துயரங்களையும் எழுதலாம். ஆனால் இன்னும் ஆறாத காயத்தை முதன்முதலாக இந்தக் கடிதத்தில் திறக்காதீர்கள். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது நிதானமாகப் பேச உங்களால் முடிய வேண்டும்.

எந்த அனுபவம் கணக்கில் சேரும்?

சம்பளம் வாங்கியதா இல்லையா என்பது முக்கியமில்லை. பள்ளியில் துணை ஆசிரியர், பாடம் பின்தங்கியவர்களுக்கான மாலை வகுப்பு, சிறப்புப் பள்ளி, குழந்தைகள் இல்லம், தொலைபேசி வழி ஆதரவுச் சேவை எல்லாமே சேரும். ஓரிடத்தில் ஓராண்டு தொடர்ந்து இருப்பது, ஆறு இடங்களில் இரண்டிரண்டு மாதம் இருப்பதைவிட மேல். பிள்ளைகளோடு பணிபுரியும் எவரும் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் கீழ், பிள்ளைகளோடு பணிபுரியத் தகாதவர்களைப் பட்டியலிடும் பாதுகாப்புப் பதிவேட்டில் தம் பெயர் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தச் சான்று வரத் தாமதமாகும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

உங்கள் படிப்பை அறிந்த விரிவுரையாளர் ஒருவர், நீங்கள் பிள்ளைகளோடு இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர். குடும்ப நண்பர், கோயில் தலைவர், அரசியல்வாதி வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு முழு நாள். குழுவாக அமர்த்தி ஒரு சிக்கலைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். ஒரு பிள்ளையின் விவரத்தைத் தந்து உங்கள் எண்ணங்களை எழுதச் சொல்வார்கள். பிறகு மூன்று நான்கு பேர் கொண்ட குழுவின் முன் தனியே அமர்வீர்கள். குழுப் பேச்சில் அதிகம் பேசுபவருக்கு அதிக மதிப்பெண் என்று எண்ண வேண்டாம். பேசாதிருப்பவரைப் பேச்சுக்குள் அழைப்பவரையும், பிறர் சொன்னதைக் கேட்டுத் தம் கருத்தைத் திருத்திக்கொள்பவரையும் கவனிக்கிறார்கள்.

கொள்கை ஆவணங்களில் இரண்டைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். 2001இல் வந்த கல்வி வெள்ளை அறிக்கை 6, தனிப் பள்ளிகளுக்குள் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவரும் உள்ளடக்கிய கல்வியை இந்நாட்டின் பாதையாக அறிவித்தது. 2014இன் சியாஸ் கொள்கை, தடைகளை இனங்கண்டு மதிப்பிட்டு ஆதரவு தரும் படிகளை வகுத்து, ஆசிரியரிடம் தொடங்கிப் பள்ளிக் குழு, மாவட்டக் குழு என்று பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. இவற்றை மனப்பாடமாகச் சொன்னால் பயனில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இவை எங்கே நடைமுறைக்கு வந்தன, எங்கே தாளோடு நின்றன என்று சொல்ல முடிய வேண்டும்.

என் முதல் நேர்முகத்தில், "நீங்கள் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அப்படி யாரும் இல்லை என்றேன். அந்தப் பதிலோடு என் வாய்ப்பு முடிந்தது என்பது வீடு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அப்படி ஒரு சிறுமி இருந்தாள். சோம்பேறி என்று நான் எண்ணியிருந்தவள், கரும்பலகையில் எழுதியதைப் பார்க்க முடியாமல் பக்கத்து மேசைக்காரியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டபின் அவள் எழுத்து நேரானது. அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி வேறு சொற்களில் வந்தபோது அவளைப் பற்றிச் சொன்னேன். தான் தவறியதைக் காணத் தெரியாதவர் கையில் ஒரு பிள்ளையைப் பற்றிய அறிக்கையை ஒப்படைப்பது ஆபத்து என்பதால், குழு இதைத்தான் பல வழிகளில் தேடுகிறது.

தமிழ் தெரிந்திருப்பது உதவுமா? ஜூலு கட்டாயமா?

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, நாட்டில் வழங்கும் மொழிகளாகத் தமிழையும் தெலுங்கையும் இந்தியையும் குஜராத்தியையும் உருதுவையும் பெயர் சொல்லி, அவற்றை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்கிறது. ஆனால் இன்று டர்பனில் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. தமிழ் உங்களுக்கு மூத்தவர்களிடம் வாசலைத் திறக்கும். பேரனை வளர்க்கும் ஆயாவிடம் அவன் கைக்குழந்தையாக இருந்த காலத்தைக் கேட்டறிய உதவும். புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு அது இன்னும் அதிகம் பயன்படும்.

டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பணிபுரிய எண்ணுபவருக்கு ஜூலு இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென உருவாக்கப்பட்ட சாட்ஸ்வர்த்தின் பள்ளிகளிலேயே இப்போது ஜூலு பேசும் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல், ஜூலு தெரியாத இளங்கலை மாணவர்கள் அதில் ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று விதித்தது. அதை ஒப்புக்குத் தேறியவர்களும் இருக்கிறார்கள். அதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

மொழிக் கேள்வி சோதனைகளுக்குள்ளும் இருக்கிறது. இந்நாட்டில் உருவாக்கப்பட்ட எஸ்.எஸ்.ஏ.ஐ.எஸ்.-ஆர். போன்ற நுண்ணறிவுச் சோதனைகள் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பேசும் பிள்ளைகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. வேறு வீட்டுமொழி கொண்ட பிள்ளைக்கு அதே அளவுகோலை வைத்து எடுக்கும் எண், அந்தப் பிள்ளையின் அறிவை அளக்கிறதா, ஆங்கிலத்தோடு அதற்கு இருக்கும் பழக்கத்தை அளக்கிறதா என்பது தினமும் நாங்கள் எதிர்கொள்ளும் கேள்வி. இதைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து இல்லாமல் நேர்முகத்துக்குப் போகாதீர்கள். ஆய்வுத் தலைப்பு கேட்டாலும் இங்கே வேண்டிய அளவு வேலை காத்திருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

இளங்கலைக்கு உதவும் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். மாஸ்டர்ஸுக்குக் கிடைக்காது. தேசிய ஆய்வு அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். உதவித்தொகைக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்; அவற்றின் கடைசித் தேதிகள் சேர்க்கை முடிவு தெரிவதற்கு முன்பே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஆசிரியர் பயிற்சிக் கட்டத்துக்கு ஃபுன்சா லுஷாக்கா உதவித்தொகை உண்டு. பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் இடங்களில் சில சம்பளம் தருகின்றன, சில தருவதில்லை. அந்த ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் வழி என்ன என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

நான் தமிழ்நாட்டில் உளவியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். இங்கே நேராகப் பதிவு கிடைக்குமா?

எதிர்பார்க்க வேண்டாம். தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்காவிடம் உங்கள் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்ற மதிப்பீட்டை முதலில் பெறுங்கள். அது கல்வி நிலையை மட்டுமே சொல்லும். தொழில் பதிவை மன்றம் தனியே ஆராய்ந்து முடிவு செய்யும். கண்காணிப்பின் கீழ் செய்த பயிற்சி நேரங்களுக்கு எழுத்துச் சான்று இருந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். பின்னர் கடிதம் எழுதி வாங்குவது மிகக் கடினம்.

இடம் கிடைக்காவிட்டால்?

பெரும்பாலோருக்கு முதல் முறை கிடைப்பதில்லை. துறைக்குப் பணிவாக எழுதி, எந்த இடத்தில் குறை இருந்தது என்று கேளுங்கள். எல்லோரும் பதில் தர மாட்டார்கள், சிலர் தருவார்கள். இடைப்பட்ட காலத்தில், பதிவு பெற்ற ஆலோசகர் அல்லது உளவியல் சோதனைகளை வைக்கும் உளவளவையாளர் (சைக்கோமெட்ரிஸ்ட்) பதிவுக்கு வழி தரும் நான்காண்டுக் கல்வியும் அதற்குரிய செயல்முறைப் பயிற்சியும் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். உளவளவையாளராகச் சோதனை வைக்கப் பழகியவர் அடுத்த நேர்முகத்தில் வேறு மனிதராக அமர்ந்திருப்பார். ஆசிரியராகப் பணியில் இருந்தால் உங்கள் பள்ளியின் ஆதரவுக் குழுவில் சேர்ந்து, ஒரு பிள்ளையின் சியாஸ் படிவங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீங்களே நிரப்பிப் பாருங்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வர எத்தனை மாதம் ஆகிறது, அதற்குள் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை நாள் குறித்து எழுதி வைத்தால், அடுத்த ஆண்டுக் கடிதத்தின் முதல் பத்தி உங்கள் கையில் இருக்கும்.